பேக்கிங் பட்டையை நாராக்கிப் போட்ட கான்கிரீட் நடைபாதை: அளவுகளும் தவறுகளும்

அட்டைப்பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையைப் பிரித்ததும் குப்பையில்தான் எறிகிறோம். மளிகை மொத்தக்கடை, பனியன் கம்பெனி, அச்சகம் என்று பெட்டி வந்திறங்கும் இடமெல்லாம் அது சுருள் சுருளாகக் கிடக்கிறது. கான்கிரீட்டில் கலக்கக் கழிவு நார் தேடுபவர்கள் பெரும்பாலும் தண்ணீர் பாட்டிலைத்தான் முதலில் கையிலெடுக்கிறார்கள். பாட்டிலைவிட இந்தப் பட்டை பல மடங்கு நல்ல பொருள். வீட்டுப் பின்கட்டில் 6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 100 மி.மீ. தடிமனில் ஒரு நடைபாதை போட்ட வேலையின் முழுக் கணக்கு இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த நார் கான்கிரீட்டின் பலத்தைக் கூட்டாது. கியூப் (சோதனைக்கு வார்க்கும் கான்கிரீட் கட்டி) உடைத்துப் பார்த்தால் நார் போட்டதும் போடாததும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். சில சமயம் நார் போட்டது சற்றுக் குறைவாகவே வரும். வீட்டு வேலைக்கு வழக்கமான எம் 20 தரக் கான்கிரீட்டின் விறைப்பு, அதாவது இழுத்தால் நீளாமல் நிற்கும் தன்மை, சுமார் 22 கிகா பாஸ்கல். பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன இந்தப் பட்டைக்கு அதில் ஒரு சிறு பங்குதான் உண்டு. ஆகவே விரிசல் விழும்வரை நார் சும்மா கிடக்கும். விரிசல் விழுந்த நொடியில்தான் அதற்கு வேலை. இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, விரிசல் வாய் பிளக்காமல், ஒரு பக்கம் இறங்காமல் தடுக்கும். மண்ணின் மேல் முழுதாகப் படுத்திருக்கும் தரைக்கு இது போதும். கூரை, பீம், லிண்டல், சன்ஷேடு, செப்டிக் டேங்க் மூடி, சாக்கடை மேல் போடும் பலகைக்கல் போன்றவற்றுக்கு எந்தக் கழிவு நாரும் கம்பிக்கு மாற்றாகாது. அந்த இடங்களில் கம்பியைக் குறைத்து நாரைப் போடுவது உயிரோடு விளையாடுவது.

பாட்டில் ஏன் வேண்டாம்

சிமென்ட் கலவைக்குள் இருக்கும் நீர் கடுங்காரம், பி.எச். அளவு 12.5-க்கு மேல். பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கை அந்தக் காரம் மெல்ல அரிக்கும். பாலிப்ரோப்பிலீனை அது தொடாது. தவிர, பாட்டில் துண்டு வழவழப்பானது, வளைந்தே இருக்கும். கலவைக்குள் சுருண்டு, அடியில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பேக்கிங் பட்டையோ ஆலையிலேயே நீளவாக்கில் இழுத்து வலுவேற்றப்பட்டது. மூலக்கூறுகள் இழுத்த திசையில் வரிசைப்பட்டிருப்பதால் இழுவலிமை அதிகம். ஒரு துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இரு முகத்திலும் சின்னச் சின்ன வைர வடிவப் பள்ளங்கள் நெருக்கமாக இருக்கும். சிமென்ட் பால் அந்தப் பள்ளங்களில் இறங்கி இறுகும்போதுதான் நாருக்குப் பிடிமானம் கிடைக்கிறது. பிளாஸ்டிக்குக்கும் சிமென்டுக்கும் ஒட்டும் தன்மை கிடையாது. எனவே பொறிப்பு இல்லாத வழவழப் பட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

இங்கே அடிக்கடி ஒரு குழப்பம் எழுகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய பிளாஸ்டிக் சாலை முறையை மனதில் வைத்து, எந்த பிளாஸ்டிக்கையும் துருவி சிமென்டில் கொட்டலாம் என்று நினைக்கிறார்கள். தார்ச் சாலையில் 160 டிகிரிக்கு மேல் சூடான ஜல்லியின் மீது பிளாஸ்டிக் உருகிப் படலமாகப் பூசிக்கொள்கிறது. தாரும் அதன் மேல் நன்றாக ஒட்டுகிறது. சிமென்ட் கான்கிரீட்டில் உருகலும் கிடையாது, ஒட்டலும் கிடையாது. துருவிய கேரி பேக் உள்ளே வெறும் ஓட்டையாகத்தான் கணக்கு. வடிவமும் நீளமும் பொறிப்பும் உள்ள நார்தான் இங்கே வேலை செய்யும். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தார் நடைபாதைக் கான்கிரீட்டில் கம்பி வலைக்குப் பதிலாக மறுசுழற்சி நாரைச் சோதித்தபோது எடுத்துக்கொண்டதும் இதே பாலிப்ரோப்பிலீனைத்தான்.

பட்டையைத் தேர்ந்தெடுப்பது

பட்டையிலும் பெட் வகை உண்டு. பெரும்பாலும் பச்சை நிறம், பளபளப்பு, விறைப்பு. ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, ஒரு துண்டை முழுக அமுக்கி விடுங்கள். பாலிப்ரோப்பிலீன் (அடர்த்தி 0.91) மிதந்து மேலே வரும், பெட் (1.38) மூழ்கும். சோப்பு எதற்கென்றால், பொறிப்புப் பள்ளங்களில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் பெட் துண்டும் மிதப்பதுபோல் காட்டும்.

அடுத்து ஒரு துண்டை இரண்டாக மடித்து நகத்தால் அழுத்துங்கள். நல்ல பட்டை மடிப்பில் வெளுக்கும், உடையாது. மொட்டைமாடியில் மாதக்கணக்கில் வெயில் காய்ந்தது பட்டென்று ஒடியும்; கையில் மாவுபோல் ஒட்டும். அதைச் சேர்க்காதீர்கள். தகரக் கிளிப்பையும், இரு முனைகளைச் சூடுவைத்து ஒட்டிய இடத்தையும் வெட்டி எறிய வேண்டும். எண்ணெய் பட்ட பட்டையை சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கவும்.

நார் வெட்டுவது

வேண்டிய அளவு: 50 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலம், பட்டையின் இயல்பான 0.5 மி.மீ. தடிமன். 20 மி.மீ. ஜல்லி போடுவதால் நார் அதைப்போல் இரண்டரை மடங்காவது நீளம் இருக்க வேண்டும். குட்டையாக வெட்டினால் ஜல்லியைத் தாண்டி மறுபக்கம் பிடிக்க எட்டாது.

பட்டையை நீளவாக்கில் கிழிக்க ஒரு சின்னக் கருவி செய்துகொள்ளலாம். 18 மி.மீ. கட்டர் பிளேடு ஐந்து, அவற்றுக்கு நடுவே 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டுத் துண்டுகள், எல்லாவற்றையும் சேர்த்து இறுக்க இரண்டு போல்ட். பிளேடு தடிமன் 0.5 மி.மீ., ஆக முனைக்கு முனை 2 மி.மீ. வரும். இந்தச் சீப்பை ஒரு மரக்கட்டையில் பதித்து, 12 மி.மீ. பட்டை ஆடாமல் போக ஒரு காடி வெட்டி, பிளேடு முனைகள் காடியின் அடியில் இறங்கும்படி திருகிவிடுங்கள். பட்டையின் நுனியைக் கையால் ஆறாகக் கீறி நுழைத்து, மறுபக்கம் பிளையரால் பிடித்து இழுத்தால் ஆறு இழைகளாகப் பிரிந்து வரும். இழுக்கும் கை பிளேடுக்கு நேராக இருக்கக்கூடாது. தோல் கையுறை கட்டாயம்.

பிரிந்த இழைகளை, இருபது பட்டைக்கு உரியவை சேர்ந்தாற்போல் கட்டாகக் கட்டி, தகரம் வெட்டும் லீவர் கத்தரியில் 50 மி.மீ.க்கு ஒரு தடுப்புக்கட்டை வைத்து நறுக்கவும். மாட்டுத்தீவனம் நறுக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்தினால் பிளேடு இடைவெளியை நன்றாக நெருக்க வேண்டும். சற்றுத் தளர்ந்திருந்தாலும் பட்டை வெட்டுப்படாமல் மடிந்து நழுவும்.

இப்போது கணக்கு. கன மீட்டருக்கு 4.5 கிலோ நார், அதாவது கன அளவில் அரை சதவீதம். ஒரு மூட்டை சிமென்ட் போட்ட கலவைக்கு 660 கிராம். ஐந்து மூட்டைக்கு 3.3 கிலோ. 12 மி.மீ. அகலம், 0.5 மி.மீ. தடிமன் உள்ள பட்டை மீட்டருக்கு ஐந்தரை கிராம். ஆகவே 600 மீட்டர் பட்டை வேண்டும். நார் எண்ணிக்கை எழுபதாயிரத்துக்கு மேல் வரும். வேலையில் மிக அதிக நேரம் பிடிப்பது இந்த வெட்டல்தான். இரண்டு பேருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஒப்பிட, 6 மி.மீ. கம்பியை 150 மி.மீ. இடைவெளியில் வலையாகக் கட்டியிருந்தால் இதே பரப்புக்கு ஏறத்தாழ 21 கிலோ இரும்பு போயிருக்கும். அந்த வலையும் கான்கிரீட் கொட்டும்போது கால்பட்டு அமுங்கி மண்ணோடு படுத்துவிடுவதை எத்தனையோ இடத்தில் பார்க்கலாம்.

660 கிராமைத் தனித்தனிப் பொட்டலமாக எடைபோட்டு முன்கூட்டியே கட்டிவையுங்கள். வேலை நடக்கும்போது கைப்பிடி கணக்கில் அள்ளிப் போட்டால் ஒரு கலவைக்கு ஒரு அளவு போகும்.

அடித்தளம்

100 மி.மீ. கெட்டியாக உடைத்த பழைய கான்கிரீட், செங்கல் இடிபாடு. புதுக் கான்கிரீட்டுக்குள்ளேயே இடிபாட்டு ஜல்லியைக் கலக்க நினைப்பவர்களுக்கு: ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383 (2016) கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, எம் 15-க்குக் குறைந்த லீன் (சிமென்ட் குறைந்த) கான்கிரீட்டில் முழுவதுமாகவும் அனுமதிக்கிறது. பழைய ஜல்லியில் ஒட்டிய காரை தண்ணீரை உறிஞ்சுவதால் முந்தின நாளே நனைத்து வைக்க வேண்டும். இந்த வேலையில் அதை அடியில் மட்டுமே போட்டோம். பி.ஓ.பி. சீலிங் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எறியுங்கள். ஜிப்சத்தின் சல்பேட் சிமென்டோடு வினைபுரிந்து உப்பி, மேல்தளத்தைத் தூக்கிவிடும்.

தண்ணீர் தெளித்து இடித்துக் கெட்டிப்படுத்தி, அகலவாக்கில் 12 மி.மீ. சரிவு ரசமட்டத்தில் பார்த்து, பிரித்த சிமென்ட் சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரிக்கவும். சாக்கு இல்லையென்றால் கலவையின் நீரை அடி உறிஞ்சிவிடும்.

கலவை

ஒரு மூட்டைக்கு: பி.பி.சி. (போசலானா கலந்த) சிமென்ட் 50 கிலோ, எம்-சாண்ட் 121 கிலோ, 12 மி.மீ. ஜல்லி 60 கிலோ, 20 மி.மீ. ஜல்லி 88 கிலோ, தண்ணீர் 25 லிட்டர், நார் 660 கிராம். இதில் சுமார் 147 லிட்டர் கான்கிரீட் கிடைக்கும். பாதைக்குத் தேவை 720 லிட்டர், ஐந்து மூட்டையில் முடியும். சோதனைத் துண்டுகளுக்கும் காவலுக்கும் ஆறாவது மூட்டை கையில் இருக்கட்டும். வழக்கமான 1:1½:3 விகிதத்தைவிட மணல் அதிகமாகத் தெரியும். அது வேண்டுமென்றே வைத்தது. நாரைச் சுற்றிப் பூச காரை வேண்டும்.

பாண்டில் அள்ளுவதாக இருந்தால் ஒவ்வொரு பொருளையும் ஒரு பாண்டு எடைபோட்டுப் பார்த்துக்கொண்டு எண்ணிக்கையைச் சுவரில் எழுதிவையுங்கள். எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அதிலேயே நாலைந்து லிட்டர் தண்ணீர் வந்துவிடும். அந்த அளவைக் குறைத்து 20, 21 லிட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். இந்த ஒரு கழித்தலை மறந்ததால் கெட்டுப்போன தரைகள்தான் அதிகம்.

ஒரு மூட்டைக் கலவை கொள்ளும் 10/7 மிக்சரில் வரிசை இப்படி: முதலில் ஜல்லி இரண்டும் மணலும். டிரம் சுற்றும்போதே நாரைத் தூவ வேண்டும், பொட்டலத்தைக் கவிழ்க்கக்கூடாது. உலர்ந்த ஜல்லி உருண்டு உருண்டு நாரைப் பிரித்துவிடும். ஒரு நிமிடம் கழித்து சிமென்ட், அதன்பின் முக்கால் பங்கு தண்ணீர். கடைசிக் கால் பங்கில் நாப்தலின் வகை பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் மருந்து) 300 கிராம் கரைத்து ஊற்றி மேலும் மூன்று நிமிடம். தண்ணீருக்குப் பிறகு நாரைப் போட்டால் கட்டும். எலுமிச்சை அளவில் நார்ப்பந்துகள் விழும். அப்படி வந்த பந்தைக் கையால் பிரிக்க முடியாது, பொறுக்கி வெளியே போடத்தான் வேண்டும். மிக்சர் பிளேடு தேய்ந்திருந்தாலும், பழைய கான்கிரீட் ஒட்டியிருந்தாலும் நார் அதில் தொங்கிப் பந்தாகும்.

நார் போட்டதும் கலவை விறைத்துப்போனது போலத் தெரியும். ஸ்லம்ப் (கூம்பில் நிரப்பி எடுத்த கலவை அமுங்கும் அளவு) 30 முதல் 50 மி.மீ. வரை குறையும். கொத்தனார் உடனே தண்ணீர்க் குடத்தைத் தூக்குவார். விடாதீர்கள். விறைத்துத் தோன்றும் அதே கலவை தட்டினால் ஓடும். கூடுதல் தண்ணீர் ஊற்றினால் கலவை பிரிந்து, எடை குறைந்த நார் மேலே மிதந்துவிடும்; அடியில் வெறும் கான்கிரீட், மேலே புல்தரை.

நார் சரியாகப் பரவியதா என்று அங்கேயே பார்க்கலாம். மிக்சரின் முதல் பகுதியிலிருந்து 10 லிட்டரும் கடைசிப் பகுதியிலிருந்து 10 லிட்டரும் எடுத்து, தனித்தனித் தொட்டியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கிளறுங்கள். நார் மிதந்து வரும். சல்லடையில் அள்ளி, துடைத்துக் காயவைத்து நிறுத்தால் 45 கிராம் இருக்க வேண்டும். ஒன்றில் 30, மற்றதில் 60 என்றால் தூவிய விதம் தவறு.

கொட்டல், மட்டம், வெட்டு

ஊசி வைப்ரேட்டர் வேண்டாம். ஊசி போன வழியில் நார் ஒதுங்கி, காரை மட்டும் நிரம்பிய ஒரு தூண் நின்றுவிடும். பின்னால் அந்த இடத்தில்தான் விரிசல் ஓடும். மட்டக்கோலை இரண்டு பேர் பிடித்துத் தட்டித் தட்டி இழுத்தாலே 100 மி.மீ. தடிமனுக்குப் போதும். கொட்டும்போது இடையில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் அந்த இணைப்பில் நார் குறுக்கே போகாது. நிறுத்த நேர்ந்தால், சுருங்கும்போது விரிசல் நேராக விழ நாம் அறுக்கும் வெட்டுக்கோடு வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

மேலே கசிந்த நீர் வற்றும்வரை மணியாசுக் கட்டையைத் தொடாதீர்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் நார் முனைகள் எழுந்து நிற்கும். வழுக்காமல் இருக்க விளக்குமாறு இழுப்பதானால் ஒரே திசையில் ஒரே ஒரு முறை, குச்சியைத் தாழ்த்திப் பிடித்து. போய்த் திரும்பி இழுத்தால் நாரைக் கிளப்பிவிடும். எழுந்த முனைகளை மறுநாள் கத்தரியால் நறுக்கிப் பொறுக்கிவிட வேண்டும். காலில் தேய்ந்து போகட்டும் என்று விட்டால் அது நுண்பிளாஸ்டிக்காக மண்ணில் சேரும். குப்பையைக் குறைக்கச் செய்த வேலை, பொறுக்க முடியாத குப்பையை உண்டாக்கிவிடக்கூடாது. மிக்சர் கழுவிய நீரும் அப்படித்தான். துணி வடிகட்டி வழியாகவே ஊற்றவும்.

நார் போட்டாயிற்று, வெட்டுக்கோடு தேவையில்லை என்பது தவறு. கான்கிரீட் சுருங்குவதை நார் நிறுத்தாது. 1.2 மீட்டர் அகலத்துக்கு 1.5 மீட்டருக்கு ஒரு வெட்டு, ஆழம் 25 மி.மீ., ஆக மூன்று வெட்டு. காலையில் கொட்டினால் கோடைக்காலத்தில் அன்று மாலையே, ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் கட்டிங் மெஷினால் வெட்ட வேண்டும். ஓரத்தில் ஒரு விரல் நீளம் வெட்டிப் பாருங்கள். பிளேடு நாரை வெட்டாமல் இழுத்துப் பிய்த்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். மறுநாள் என்று தள்ளிவைத்தால் கான்கிரீட் தானே ஒரு கோணல் கோட்டைத் தேர்ந்தெடுத்துவிடும்.

பி.பி.சி. சிமென்டுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச நீராற்றல் (க்யூரிங்) 10 நாள், உலர்ந்த வெயிலில் 14 நாள். சணல் சாக்கு போர்த்தி எப்போதும் ஈரமாக வைத்தோம். காலையும் மாலையும் குழாயால் பீய்ச்சுவது நீராற்றல் ஆகாது.

டயர் கம்பி

பழைய டயரின் விளிம்புக் கம்பியும் அருமையான நார்தான். ஏறத்தாழ 1 மி.மீ. விட்டம், சாதாரணக் கட்டுக்கம்பியைவிடப் பல மடங்கு வலு. 40 மி.மீ. துண்டாக, கன மீட்டருக்கு 30 கிலோ, மூட்டைக்கு 4.4 கிலோ கணக்கு. ஆனால் டயரை எரித்து எடுத்த கம்பியை வாங்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு. தீயில் வெந்த கம்பியின் வலுவும் போய்விடுகிறது. இயந்திரத்தால் உருவி எடுத்தது கிடைத்தால் வண்டி ஏறும் சரிவுகளுக்குப் போடலாம். வெறுங்காலோடு நடக்கும் இடத்துக்கு ஆகாது. மேலே நிற்கும் முனை துருவேறி முள்ளாகக் குத்தும்.

உடைத்துப் பார்ப்பது

மூன்று 150 மி.மீ. கியூப் எடுத்து 28 நாளில் ஆய்வகத்தில் உடைத்தால் சிமென்டும் தண்ணீரும் சரியா என்பது தெரியும். நார் வேலை செய்கிறதா என்பதை அது காட்டாது. அதற்கு 1 மீட்டர் நீளம், 100 மி.மீ. அகலம், 75 மி.மீ. உயரத்தில் இரண்டு சின்ன பீம் வார்க்கவும். ஒன்று நாரோடு. மற்றது நார் இல்லாமல், கையால் கலந்து: சிமென்ட் 2.55 கிலோ, மணல் 6.2, ஜல்லி 7.5, தண்ணீர் 1.3 லிட்டர்.

28 நாள் கழித்து, 900 மி.மீ. இடைவெளியில் இரண்டு கட்டைமேல் வைத்து, நடுவில் தொங்கும் தட்டில் எடை ஏற்றுங்கள். அடியில் 30 மி.மீ. இடைவெளி விட்டு ஒரு மரக்கட்டை, பீம் அதன்மேல் உட்கார. காலைத் தள்ளி வைத்துக்கொள்ளவும். இரண்டுமே 125 கிலோவை ஒட்டித்தான் விரிசல் விடும். நார் இல்லாதது சத்தத்தோடு இரண்டாகப் போகும். நார் உள்ளது கட்டைமேல் தொய்ந்து உட்காரும், பிரியாது. எடையையும் அடிக்கட்டையையும் எடுத்துவிட்டு 20 கிலோவை மறுபடி ஏற்றினால் அதைத் தாங்க வேண்டும்.

பிறகு அதைக் கையால் வளைத்து முழுதாகப் பிரித்து, உடைந்த முகத்தில் நாரை எண்ணுங்கள். இந்த அளவுக்கும் இந்தக் குறுக்குவெட்டுக்கும் 18, 19 நார் குறுக்கே போயிருக்க வேண்டும். 12-க்குக் கீழே என்றால் கலவை சீராகவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தும் 20 கிலோவைத் தாங்கவில்லையா? நார் முனைகளைப் பாருங்கள். முழு நீளமும் சேதமில்லாமல், பள்ளங்களில் சிமென்ட் துகள்கூட இல்லாமல் உருவி வந்திருந்தால் பட்டையில் எண்ணெய் இருந்திருக்கிறது, அல்லது பொறிப்பு தேய்ந்த பட்டை. அறுந்து, நுனி பஞ்சுபோல் பிரிந்திருந்தால் பிடிமானம் சரி, பட்டைதான் வெயிலில் காய்ந்தது. அடுத்த முறை மடித்துப் பார்க்கும் சோதனையைச் சுருளுக்கு ஒரு துண்டிலாவது செய்துவிடுங்கள்.